கண்ணெதிரே மூழ்குபவருக்கும் கடல்கடந்து மூழ்குபவருக்கும் நாம் பட்டிருக்கும் கடமை ஒன்றுதானா?

கேள்வி: உச்சிப்புளி வாசகன்

2022 மார்ச் மாதத்தில், இலங்கையில் பால் பொடிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், மன்னார்ப் பக்கத்திலிருந்து பைபர் படகுகளில் புறப்பட்ட குடும்பங்களைப் படகோட்டி வந்தவர்கள் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் தீடைகளில் இறக்கிவிட்டு இருட்டோடு இருட்டாகத் திரும்பிப் போனார்கள். கைக்குழந்தையோடு, நிழலும் குடிநீரும் இன்றி நின்றவர்களைக் கடலோரக் காவல் படையினர் மீட்டுக் கரை சேர்த்தனர். பின்னர் அவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களைத் தீடையிலேயே விட்டிருக்கலாம் என்று நம் பக்கத்தில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே மார்ச் மாதத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியம், 2001 முதல் ஏட்டளவில் மட்டும் இருந்துவந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதன்முறையாக உக்ரைன் மக்களுக்காக நடைமுறைப்படுத்தியது. 2015இல் சிரியாவிலிருந்து மக்கள் திரள் திரளாக வந்தபோது அந்த ஆணையை எவரும் கையில் எடுக்கவில்லை. அண்டை வீட்டாருக்கு ஒரு கதவும் அயலாருக்கு வேறொரு கதவும் என்பது எனக்கு அநீதியாகப் பட்டது. ஆனால் நாமும் ஈழத்திலிருந்து வந்தவர்களை நம்மவர்கள் என்பதால்தானே உடனே அணைத்துக்கொண்டோம் என்ற எண்ணம் வந்தபோது, ஐரோப்பியரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலிய மெய்யியலாளர், 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்குள் ஓடிவந்த அகதிகளின் பசியை முன்னிட்டு எழுதி 1972இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வாதத்தை வைத்தார். நம் ஊர் வழக்கில் சொல்வதானால், ஓர் ஊருணியைக் கடந்து போகும்போது அதில் ஒரு குழந்தை மூழ்குவதைக் காண்கிறேன். இறங்கித் தூக்கினால் வேட்டியில் சேறு படியும், அவ்வளவுதான். தூக்காமல் போனால் என்னை எவரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள். அப்படியானால், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சாகும் குழந்தையை அதே சிறு இழப்போடு காப்பாற்ற முடிந்தும் வாளாவிருப்பது மட்டும் எப்படிக் குற்றமற்றதாகும் என்பது அவர் கேள்வி. சூடானும் காசாவும் நாள்தோறும் கைப்பேசியில் வந்து நிற்கும் இக்காலத்தில், தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. என் சிறிய தகப்பனாரோ ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். என்னால் சிங்கரை மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. தொலைவு கடமையைக் குறைக்குமா?

பதில்: கீழக்கரை ஆசிரியர்

தம்பியின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. துன்பப்படுபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. அவர் நமக்கு என்ன உறவு என்பது மற்றொன்று. தீடையில் நின்றவர்கள் இரண்டு வகையிலும் நமக்கு நெருக்கமானவர்கள் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

உறவுக்கு அறத்தில் இடமே இல்லை என்று சிங்கரைப் படித்துவிட்டுச் சிலர் கிளம்புவதை நான் ஏற்பதில்லை. இரண்டு பேர் மூழ்கும்போது அவர்களில் ஒருத்தி தன் மனைவி என்பதால் அவளை முதலில் தூக்கும் ஒருவன், ‘இப்படிச் செய்ய எனக்கு அனுமதி உண்டா’ என்று அந்த நேரத்தில் ஆராய்ந்தால், அவனிடம் தேவைக்கு மேல் ஓர் எண்ணம் புகுந்துவிட்டது என்று பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கில மெய்யியலாளர் எழுதினார். அது சரியென்றே நினைக்கிறேன். ஆகவே ஈழத்தவரை நம்மவர் என்று அணைத்துக்கொண்டது பிழையன்று. சிரியரைத் திருப்பியனுப்ப உக்ரைனியர் மீதான அன்பு காரணமாகக் காட்டப்பட்டால், அங்கேதான் பிழை தொடங்குகிறது.

கடலில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு, கடலில் உயிராபத்தில் இருக்கும் எவருக்கும், தன் கப்பலுக்கும் அதிலுள்ளோருக்கும் பெரும் ஆபத்து நேராத அளவில், கப்பல் தலைவர் உதவ வேண்டும் என்கிறது. மூழ்குபவர் எந்த நாட்டவர், எதற்காகக் கடலில் இறங்கினார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. உன்னால் முடியுமா என்பது ஒன்றே அளவு. சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே கடலோடிகள் இதை அறிந்திருந்தார்கள். 2015 மே மாதத்தில் ரோஹிங்கியா மக்கள் நிறைந்த படகுகளைத் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் தத்தம் எல்லையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தோனேசியாவின் அச்சே மாநில மீனவர்கள் அவர்களைத் தங்கள் படகுகளில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். வந்தவர்கள் பேசிய மொழி அவர்களுக்குத் தெரியாது. கடலில் தத்தளிப்பவரைக் கண்டால் தூக்க வேண்டும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கடல் வழக்கம்.

இதற்கு எதிராக அரசுகள் வைக்கும் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபரில் லாம்பெடூசா தீவருகே ஒரு படகு கவிழ்ந்து 360க்கு மேற்பட்டோர் இறந்தபின், இத்தாலி தன் கடற்படையைக் கொண்டு பெரிய அளவில் மீட்புப் பணி நடத்தியது. ஓராண்டில் அது நிறுத்தப்பட்டு, எல்லைக் கண்காணிப்பை நோக்கமாகக் கொண்ட சிறிய பணி அதன் இடத்துக்கு வந்தது. மீட்பது மேலும் பலரைக் கடலில் இறங்கத் தூண்டும் என்று அப்போது பிரிட்டன் அரசு வெளிப்படையாகவே சொன்னது. விளைவை மட்டும் பார்த்து அறத்தை நிறுப்பவர்களுக்கு இது கவர்ச்சியான வாதம். ஆனால் நாளை வரக்கூடியவனுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இன்று மூழ்குபவனை விட்டுவிடுவது, ஒரு மனிதனை வேறொரு நோக்கத்துக்கான வெறும் கருவியாக்குவதுதான். காண்ட் 1785இல் எழுதியபோது இந்தக் கடலை நினைத்திருக்கமாட்டார். அவர் வகுத்த தடை இதற்கு அப்படியே பொருந்துகிறது.

என் விடை இதுதான்: கண்ணெதிரே நடக்கும் மீட்பில் தொலைவும் உறவும் செல்லாதவை. தொலைவிலுள்ளோருக்கு உதவுவதிலும் கடமை உண்டு. ஆயினும் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை நிர்ணயிக்கும் இடம் நம்மிடம் இருக்கிறது. அவ்விடத்தைச் சிங்கர் பறித்துக்கொள்கிறார் என்பதே அவர்மீது எனக்குள்ள மனக்குறை.

பதில்: பரமக்குடி கணக்கர்

ஊருணிக் குழந்தை விபத்தில் விழுந்தது. பஞ்சமும் போரும் விபத்துகள் அல்ல. உணவு இருந்தும் அதை வாங்கும் வழி மக்களிடமிருந்து பறிபோவதால் பஞ்சம் வருகிறது என்பதை அமர்த்தியா சென் 1981லேயே விளக்கிவிட்டார். இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 இறுதியில் வரிகளைக் குறைத்தார்கள், பெருந்தொற்றில் சுற்றுலா வருமானம் போயிற்று, 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள், 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தார்கள். தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பொடியும் மருந்தும் அனுப்பியது, அனுப்பியது நன்று. ஆனால் அதை ஒரு குழந்தையைத் தூக்கியதுபோல் எண்ணி நெஞ்சு நிமிர்த்துவதில் பொருளில்லை. யார் கரையைச் சரித்தது என்று கேட்காமல், விழுபவர்களைத் தூக்கிக்கொண்டே இருப்பது அறத்தின் பாதிதான். தொலைவில் இருப்பவனுக்குக் காரணம் தெரியாது, கணக்கும் தெரியாது. தொலைவு குறைப்பது கடமையை அன்று, நம் அறிவை. அறிவில்லாத இடத்தில் உதவப் போனால் சில வேளைகளில் கேடும் விளையும்.

பதில்: பாம்பன் வடகடல்

கரையைச் சரித்தது யார் என்று கணக்கர் கேட்டது மிக நல்ல கேள்வி. அதை நம் கரையிலேயே கேட்டுப் பார்ப்போம்.

நான் படகுத் தொழிலில் பிறந்தவன். விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விசைப்படகின் பின்னால் இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை இருபுறமும் விரித்துப் பிடிக்க, அடியில் கோத்த சங்கிலி தரையை உரசி இறாலைக் கிளப்பிவிட, மடி அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். இறாலோடு பாசியும், குஞ்சும் குருமானும், சங்கும், விலைபோகாத எல்லாமும் வரும். கழிவென்று கொட்டியது போக மிஞ்சியதைக் கருவாட்டுக்கும் கோழித்தீவனத்துக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்த கடல். அதன் தரையில்தான் எல்லா உயிரும் இருக்கிறது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் நெடுந்தீவு, மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து மீனவர்கள் சாயங்காலம் செவுள் வலையை விரித்துவிட்டு விடியற்காலையில் எடுப்பவர்கள். இரவில் நம் மடி அந்த வழியாகப் போனால், மறுநாள் அவர்கள் கையில் கயிறும் மிதவையுமே மிஞ்சும். போர்க்காலத்தில் அவர்கள் கடலில் இறங்கவே முடியாதபடி ஆண்டுக்கணக்கில் தடை இருந்தது. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கித் திரும்பி வந்தவர்களின் வலை அது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை முற்றாகத் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த குரல் பெரும்பாலும் அவர்களுடையது, அதாவது தமிழர்களுடையது.

இந்த மடி கேடு செய்வது நமக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. நம் சொந்தக் கரையில் விசைப்படகுகள் நாட்டுப்படகுகளின் வலைகளை அறுத்துப் பெரும் மோதல்கள் நடந்த பிறகுதான், வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பங்கிட்டோம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி விதியும் இருக்கிறது. அது எந்த அளவுக்குக் காக்கப்படுகிறது என்பது வேறு கதை. ஆனால் கொள்கையளவில், இன்னொருவன் விரித்த வலையை என் மடி அறுப்பது அநீதி என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தப் பங்கீட்டைச் செய்தோம். அதே மடி, அதே சேதம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தால் அது ‘பாரம்பரிய உரிமை’ ஆகிவிடுகிறது. உரிமை கோருவதற்கு நம் பாட்டனார்கள் அங்கே போய்வந்த வரலாறு உண்மையிலேயே இருக்கிறது. 1974இல் கோடு போட்டபோது நம்மை எவரும் கேட்கவுமில்லை. ஆனால் பாட்டனார்கள் பாய்மர வத்தையில் போனார்களே தவிர, குதிரைத்திறன் கூட்டிய எஞ்சினோடு போகவில்லை.

ஆகவே தம்பியின் கேள்வியை வேறு விதமாகத் திருப்ப விரும்புகிறேன். உதவாமல் இருப்பதும் கேடு செய்வதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. தொலைவிலுள்ள ஏழைக்கு நாம் பட்டிருப்பது உதவும் கடமை மட்டுமன்று, அவன் வாழ்வைக் கெடுக்கும் ஏற்பாடுகளில் பங்குகொள்ளாதிருக்கும் கடமை அதைவிடக் கடுமையானது என்று தாமஸ் போகே என்ற மெய்யியலாளர் 2002இல் விரிவாக வாதிட்டார். அந்தக் கடுமையான கடமைக்குத் தொலைவே கிடையாது. தீடையில் நின்றவர்களுக்கு நம்மில் எத்தனையோ பேர் சோறும் துணியும் கொடுத்தோம். மன்னாரிலிருந்து வந்த அந்தக் குடும்பங்களில் வலை இழந்து கடனாளியான மீனவர் எவரேனும் இருந்திருந்தால், அவர் வந்ததில் நம் மடிக்கும் பங்கு உண்டா இல்லையா? காசாவைப் பற்றியும் லாம்பெடூசாவைப் பற்றியும் பேசுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைப் பற்றி நமக்குத் தெளிவாகத் தெரியும் நியாயத்தை இந்தக் கடலில் வைத்துப் பார்க்க நாம் தயங்குவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் என் பேச்சு ஒருதலையாகிவிடும். நம் மீனவர்கள் அங்கே சுடப்பட்டிருக்கிறார்கள், இறந்திருக்கிறார்கள், படகுகள் பறிபோய்க் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கின்றன. வலை அறுந்ததற்குத் துப்பாக்கி விடையாகாது. சிறைக்குப் போவதும் பெரும்பாலும் பங்குக்குப் போகும் கூலித் தொழிலாளியே. படகு உரிமையாளரான சம்மாட்டி கரையில் இருப்பார்.

பதில்: மண்டபம் முகாம் மகள்

ஆசிரியர் ஐயாவும் பாம்பன் அண்ணனும் எழுதியவை இரண்டும் உண்மை. ஆனால் இருவர் பேச்சிலும் மீட்கப்பட்டவர் கரையேறியதோடு காணாமல் போகிறார்.

என் பெற்றோர் 1990இல் வந்தார்கள். நான் இங்கே பிறந்தேன், இங்கே படித்தேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பதால், சட்டத்தின் கண்ணில் அகதி என்ற தகுதிகூட எனக்கு இல்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கருதியது, இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியபோது மகிழ்ந்தோம். உதவித்தொகையும் உயர்ந்தது, புது வீடுகளும் கட்டப்பட்டன. ஆயினும் வெளியூர் வேலைக்குப் போனவர் கணக்கெடுப்பு நாளில் கையெழுத்துப் போட ஓடிவர வேண்டியிருக்கிறது. என் தம்பி பொறியியல் படித்துவிட்டுச் சாயம் பூசும் வேலைக்குப் போகிறான்.

2022இல் வந்தவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டவர் எழுதியதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முதலில் வந்த சிலர் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்ததற்காக நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்கள். பின்புதான் முகாம்.

ஊருணியிலிருந்து தூக்கிய குழந்தையை அடுத்து என்ன செய்வது என்று சிங்கர் சொல்வதில்லை. அதன் பெற்றோர் அருகில் எங்கோ இருக்கிறார்கள் என்று அவர் கதை எடுத்துக்கொள்கிறது. எங்களைத் தூக்கியவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கரையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை நன்றியில்லாமல் சொல்லவில்லை. உயிர் பிழைத்தவருக்குப் பிறகு எது கடன் என்பதை உங்கள் வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். பாம்பன் அண்ணன் கேட்டதற்கும் ஒன்று சொல்ல முடியும்: எங்கள் வரிசையில் மன்னார் தீவின் பேசாலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். வலையைப் பற்றி அவர் பேசியதுண்டு. இங்கே வந்தபின் அவர் வலை தைக்கும் கூலியாகப் போனது விசைப்படகு ஒன்றுக்குத்தான்.

கேள்வி கேட்டவர்: உச்சிப்புளி வாசகன்

ஆசிரியர் காக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. தங்கை சொன்ன நீதிமன்றக் காவல் செய்தியைச் சேர்த்துப் பார்க்கும்போது, நம்மவர் என்ற உறவும் மீட்பு வரைக்கும்தான் வேலை செய்தது என்று தெரிகிறது. உக்ரைனியருக்கு ஐரோப்பா கொடுத்ததில் தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் அடக்கம். எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் பாம்பன் அண்ணனிடம். கேடு செய்யாதிருக்கும் கடமை கடுமையானது என்கிறீர்கள். ஆனால் மடியை இழுப்பவன் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிய தொழிலாளி, மடியில் விழும் இறாலைத் தின்பவர் வேறு நாட்டில் இருக்கிறார். கேட்டைச் செய்தவர் என்று யாரை நிறுத்துவது?

பதில்: பாம்பன் வடகடல்

யாருடைய கையில் மாற்றும் வாய்ப்பு எவ்வளவு இருக்கிறதோ, அவர் அந்த அளவுக்குப் பொறுப்பு என்பேன். தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு: போகாவிட்டால் அவன் வீட்டில் அன்று உலை ஏறாது. பல படகு வைத்திருக்கும் சம்மாட்டிக்கும், இறாலை மொத்தமாக எடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கும், கரையில் இருந்துகொண்டு ‘கச்சத்தீவை மீட்போம்’ என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுபவர்களுக்கும் அது மிகுதி. 2014இல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்க, நம்மவர்கள் அவகாசம் கேட்டார்கள். அவகாசம் கேட்டதிலேயே செய்வது சரியில்லை என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது.

பதில்: பரமக்குடி கணக்கர்

அவகாசத்துக்குப் பணமும் ஒதுக்கினார்கள். 2017இல் வந்த திட்டப்படி 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற வேண்டும். ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, மீதி வங்கிக் கடனும் உரிமையாளர் கைப்பணமும். எண்ணிக்கை இலக்குக்கு அருகில்கூட வரவில்லை. என் வரிப்பணம் இதற்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மடியில் விழுந்த இறாலை நானும் தின்றிருக்கிறேன்; பாம்பன் நண்பரின் அளவுகோலின்படி என் பங்கும் அதில் இருக்கிறது. ஆனால் திட்டத்தில் ஒரு வரி உறுத்துகிறது. பழைய இழுவைப்படகை உடைக்க வேண்டும், அல்லது பாக் நீரிணைக்கு வெளியே கொடுத்துவிட வேண்டும் என்கிறது நிபந்தனை. வெளியே என்றால் வேறு எவருடைய கடலிலோ அதே மடி அதே தரையை வாரும். கேடு செய்யாதிருக்கும் கடமைக்குத் தொலைவு கிடையாது என்று நீங்கள் சொன்னதை இங்கே வைத்துப் பார்த்தால், அந்த ‘அல்லது’ நிற்குமா?

பதில்: பாம்பன் வடகடல்

நிற்காது. ஆனால் உடைத்தால் பலகை விலைதான் கிடைக்கும், விற்றால் எஞ்சினோடு சேர்த்துக் கை நிறையக் கிடைக்கும். உரிமையாளர் போட வேண்டிய கைப்பணத்தைப் பலர் அந்த விற்பனையிலிருந்தே எதிர்பார்த்தார்கள். ‘அல்லது’வை அடிப்பதானால், படகை உடைப்பதற்கென்று தனியாக ஒரு தொகையைச் சேர்த்தாக வேண்டும். சூரை பிடிக்கப் போகிறவன் பல நாள் கடலில் தங்கித் தூண்டில் போடப் பழகும் வரை தொழிலாளியின் வீட்டுக்குப் படியளப்பதும் அதில் வர வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வலை இழந்தவர்களுக்கான ஈட்டைப் பற்றி அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.